பொய் சொல்லாத சாமி

மட்டாஞ்சேரியில் எங்களுக்குப் பண்ணை இருந்தது என்றால் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மிளகு குடோன்களுக்குப் பின்னால் நாலு பசு, கொஞ்சம் தென்னை, புல் வளர்க்க ஒரு துண்டு நிலம், வேலியோரம் கத்திரியும் வெண்டையும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவே எங்கள் வீட்டுப் பாலில்தான் சாயா குடித்தது. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம்.

கார்த்திகை பிறந்தால் எங்களுக்குக் குளிர்காலம். கொச்சியில் என்ன பெரிய குளிர்! விடியலில் காயல் பக்கமிருந்து காற்று வரும், கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், சாணத்திலிருந்து ஆவி கிளம்பும், அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அந்த மாசம் என்றால் உசிர். அப்பா சபரிமலைக்கு மாலை போடுவார். வீட்டில் எல்லாரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடணும். மீன் கிடையாது, பீடி கிடையாது, கோபம் கிடையாது. பொய்யும் கிடையாது. எனக்கு அதுதான் முக்கியம். மற்ற மாசங்களில் அப்பா சொல்வதை நம்ப முடியாது. அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் கார்த்திகைக்கென்று எடுத்து வைப்பேன்.

அந்த வருஷம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செவலைப் பசு ஆவணியில் காளைக்கன்று போட்டிருந்தது. நெற்றியில் மாங்கொட்டை அளவுக்கு வெள்ளை. என் பாவாடையைச் சப்பியே கந்தலாக்கிய பயல். பால்காரர் வீட்டில் காளைக்கன்று தண்டச்சோறு, இறைச்சிக்கடைக்குத்தான் போகும். அது எனக்குப் பத்து வயசிலேயே தெரியும்.

மாலை போட்ட அன்றைக்கே போய் நின்றேன். "சாமி, கன்னுக்குட்டிய வித்துருவீங்களா?"

"விக்க மாட்டேன். வளர்ந்ததும் பஜார்ல வண்டிக்குப் பழக்கலாம்."

"சத்தியமா?"

கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டினார். "மாலை போட்டவன் பொய் சொல்லுவானா, மோளே?"

அதோடு என் பயம் போயே போச்சு.

மார்கழியில் அப்பா இருமுடி கட்டி மலைக்குப் போனார். அன்றைக்கே அம்மா என்னை இடப்பள்ளியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பினாள். படகுத்துறைக்குக்கூடத் தனியாக விடாதவள், "லீவுதானே, ஒரு வாரம் இருந்துட்டு வா" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, முட்டாள் கழுதை!

திரும்பி வந்தால் கன்று கட்டும் முளை வெறுமனே நின்றது. "வண்டிக்காரர் பழக்கக் கூட்டிட்டுப் போயிருக்கார்" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. நம்பினேன். சாமி சொன்னதுதானே நடந்திருக்கிறது!

சாயங்காலம் சித்தப்பா பால் கறக்க வந்தார். கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் செவலை பால் சுரக்காது. அதற்கும் எங்கள் ஆட்கள் வழி வைத்திருந்தார்கள். உத்தரத்திலிருந்து ஒன்றை இறக்கிக்கொண்டு வந்து பசுவின் முன்னால் நிறுத்தினார். தோலுக்குள் வைக்கோல் திணித்துத் தைத்த கன்று. நெற்றியில் மாங்கொட்டை அளவுக்கு வெள்ளை.

பசு அதை நக்கியது. நக்க நக்கச் செம்பில் பால் சர்சர்ரென்று இறங்கியது.

"அடப்பாவிகளா!" என்று நான் போட்ட கூச்சலில் செவலை மிரண்டு செம்பை உதைத்தது.

"எங்கிட்ட ஏன் கத்துற? உங்கப்பன் சொல்லிட்டுப் போனதத்தான் செஞ்சேன்" என்றார் சித்தப்பா.

அப்பா வந்தார், மாலையைக் கழற்றினார், முதல் வேலையாகப் பீடி பற்றவைத்தார். எதிரில் போய் நின்று கேட்டேன்.

"நான் எங்க வித்தேன்? நான் மலையில இல்ல இருந்தேன்? மாலை கெடக்கறப்போ என் கையால ஒரு பாவமும் பண்ணலை."

கன்று போனதற்கு அழுதேன். ஆனால் வயிறு எரிந்தது இதற்குத்தான். மாலை போட்டபோதே எல்லாம் முடிவு செய்து வைத்திருக்கிறார். சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணை ஏமாற்றியிருக்கிறார். அம்மாவுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். நான் ஒருத்திதான் வாயைப் பிளந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

அடுத்த கார்த்திகை வந்தது. மறுபடியும் மாலை, கறுப்பு வேட்டி, காலையில் சரணம். "சாமிக்குச் சாயா கொண்டு குடு" என்றாள் அம்மா. கொண்டுபோய் வைத்தேன்.

"இந்தாங்கப்பா, சாயா."

"சாமின்னு சொல்லுடீ!" என்று பல்லைக் கடித்தாள் அம்மா.

"அப்பா, சாயா ஆறிடும்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். வேறு மாசமாக இருந்தால் கன்னம் பழுத்திருக்கும். கழுத்தில் மாலை கிடந்தது. கோபப்படக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு சாயாவைக் குடித்தார்.