யாரும் நிறுத்தச் சொல்லலாம்

மகள் கொண்டுவந்த சம்மதக் கடிதம் மூன்று நாட்களாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. குண்டசாலைக்கு அப்பால், பழைய கல்குவாரி ஒன்றில் துப்பாக்கி சுடும் திடல் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பாடசாலை அணியோடு அங்கே பயிற்சிக்குப் போக என் கையெழுத்து வேண்டும். அவளுக்குப் பதினாறு வயது. பாடசாலை மண்டபத்தில் காற்றுத் துப்பாக்கியில் ஒரு வருடம் பழகியிருந்தாள். அதை நான் ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டிருந்தேன். இது உண்மையான துப்பாக்கியில் ரவை போட்டுச் சுடுவது.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். வெடிச்சத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று காதாலேயே கணிக்கப் பத்து வயதில் பழகிவிட்டேன். வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்து, இங்கேயே குடும்பமாகி, இத்தனை வருடத்துக்குப் பிறகும் கலியாண வீட்டுப் பட்டாசுக்கு என் உடம்பு தானாகக் குனியும். மகளிடம் இதைப் பற்றிப் பேசியதில்லை. சொன்னால் அவள் பேசாமல் கடிதத்தை எடுத்துக் கிழித்துப்போடுவாள் என்று தெரியும். அதையும் நான் விரும்பவில்லை.

நாலாம் நாள் அவளே கேட்டாள். "அம்மா, கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"முதல்ல வந்து பாக்கிறன். பிறகு சொல்லுறன்" என்றேன்.

திடலின் பொறுப்பாளர் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். வடக்கில் பல வருடம் இருந்ததாகத் தமிழிலேயே சொன்னார். எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சுடத் தொடங்குவதற்கு முன் என்னைக் குவாரியின் கடைசிவரை நடத்திக்கொண்டு போனார். இலக்குகளுக்குப் பின்னால் இரண்டாள் உயரத்துக்கு மண் அணை, அதற்குப் பின்னால் செங்குத்தான கற்பாறை. வரைபடம் கீறுவது என் தொழில் என்பதால் கேள்விகள் தாமாக வந்தன. அணையில் கல் கிடந்தால் சன்னம் தெறிக்காதா, இடப்பக்கச் சரிவுக்கு மேலே யார் இருக்கிறார்கள், மழைக்கு மண் கரைந்தால் என்ன செய்வீர்கள். ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். அணையின் மண்ணை மாதாமாதம் சலித்துக் கல் பொறுக்குவார்களாம். சரிவுக்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் சில இருக்கின்றன, அந்தப் பக்கம் முழுக்க வேலி போட்டிருக்கிறது என்றார்.

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையும் காதுக் கவசமும் தந்தார்.

"மிஸ், ஒரு விசயம். இங்க யாரும் நிப்பாட்டச் சொல்லலாம். நான் மட்டும் இல்ல. பிள்ளைகள் சொல்லலாம், நீங்க சொல்லலாம். சொன்னா எல்லாரும் நிப்பாட்டணும்."

அன்று மாலை கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் ஒரு சனிக்கிழமைகூட அவளைத் தனியே அனுப்பவில்லை. முதல் சில வாரங்கள் ஒவ்வொரு வெடிக்கும் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். பிறகு பையை மடியில் வைக்க முடிந்தது. மகள் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, அவசரமில்லாமல் விசையை அழுத்துவதைப் பார்க்கப் பழகினேன். வீட்டில் ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் இருக்காத பிள்ளை அவள்.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்து ஓய்ந்த சனிக்கிழமை அது. மாகாணப் போட்டி நெருங்கியதால் ஐந்து பிள்ளைகள் சுடும் கோட்டில் படுத்திருந்தார்கள். மகள் மூன்றாவது. நான் அவளைப் பார்க்காமல் இடப்பக்கச் சரிவில் புதிதாகத் தெரிந்த செம்மண் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்கு மண் சரிந்திருக்கிறது என்று நினைப்பதற்குள் ஓர் ஆடு அதன் வழியாக இறங்கி வந்தது. அதன் பின்னால், கையில் ஒரு கயிற்றோடு, ஒரு பெண்ணின் தலை.

கதிரை பின்னால் விழ எழுந்து நின்று கத்தினேன்.

"நிறுத்துங்கோ!"

பொறுப்பாளர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கணமே விசிலை ஊதினார். ஐந்து துப்பாக்கியும் அமைதியாயின. கோட்டில் இருந்தவர்களில் மூன்று பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களும் விரலை எடுத்து, துப்பாக்கியைத் திறந்து தரையில் வைத்து, எழுந்து பின்னால் வந்து நின்றார்கள். ஏன் நிறுத்தினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு துப்பாக்கியும் வெறுமையாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் சரிவுப் பக்கம் நடந்தார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சொல்லுக்குத் துப்பாக்கிகள் ஓயும் என்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் என் பத்து வயதைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். வத்தேகமைப் பஸ்ஸில் நெரிசல். அவள் என் தோளில் சாய்ந்து முழுவதையும் கேட்டாள்.

நாங்கள் பஸ் ஏறுமுன்பே, ஆட்டுக்கார அம்மாவைப் பொறுப்பாளர் கூட்டிவந்து தண்ணீர் கொடுத்திருந்தார். மேலே லயத்தில் இருப்பவர். மழையில் வேலித் தூண்கள் இரண்டு சரிந்து வழி திறந்திருந்தது. ஆடு அதில் நுழைந்துவிட்டது. சுடுகிற நேரமெல்லாம் சிவப்புக் கொடி ஏற்றியிருப்போமே, பார்க்கவில்லையா என்று நான் கேட்டேன்.

"கொடியா? எங்க வாசல்ல நின்னு பாத்தா பலா மரந்தாங்க தெரியுது. ரோட்டுப் பக்கம் போறவங்களுக்குத்தான் அது தெரியும்."

காலையில் சரிவின் மேலே ஏறிப் பார்த்திருக்க வேண்டும், சேறு என்று விட்டுவிட்டேன், தவறு என்னுடையது என்று பொறுப்பாளர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னார். நடந்ததை அவரே எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்தார். வேலி முடியும்வரை திடல் மூடப்படும் என்றார். போட்டி வரும் நேரத்தில் இப்படியா என்று மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவளே என்னோடு அளவு நாடாவைப் பிடிக்க வந்தாள்.

நான் திடலை முழுமையாக அளந்து ஒரு படம் கீறினேன். லயத்து வாசல், ஒற்றையடிப் பாதை, சரிவு, சுடும் கோடு எல்லாம் அதில் இருந்தன. இரண்டாவது கொடியை எங்கே நடுவது என்பதைப் படத்தைப் பார்த்து முடிவுசெய்யவில்லை. ஆட்டுக்கார அம்மாவைத் தன் வாசலில் நிற்கச் சொன்னோம். பொறுப்பாளர் கொடிக்கம்பத்தைத் தூக்கிக்கொண்டு சரிவில் அங்கும் இங்கும் நடந்தார். "இன்னும் கொஞ்சம் மேல வாங்க ஐயா... அங்கதான், நல்லாத் தெரியுது" என்று அந்த அம்மா மேலிருந்து சொன்ன இடத்தில் குழி வெட்டினோம். கம்பி வேலியும் மூன்று மொழிப் பலகையும் வந்தன. சுடத் தொடங்குமுன் ஒருவர் மேலேறிச் சுற்றிவர வேண்டும் என்ற விதியும் வந்தது.

விசில் ஊதியபோது ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று பொறுப்பாளரிடம் ஒருநாள் கேட்டேன். காரணத்தைப் பார்த்துவிட்டு ஊதினால் அதற்குள் இன்னொரு வெடி போய்விடும் என்றார். கத்தியது வீணாகப் போனாலும் பரவாயில்லை, பத்துத் தடவை வீணாகக் கத்தினாலும் பத்துத் தடவையும் ஊதுவேன் என்றும் சொன்னார். வடக்கில் அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதிலுக்குப் பிறகு அவரோடு பேசுவது எனக்கு இலகுவாகிவிட்டது.

பயிற்சி குறைந்தும் மகள் மாகாணப் போட்டியில் நாலாவதாக வந்தாள். அடுத்த வருடம் மூன்றுக்குள் வருவேன் என்கிறாள். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொடும் எண்ணமும் இல்லை. இப்போது தெல்தோட்டைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் காற்றுத் துப்பாக்கிக்கு மண்டபம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் திடலுக்குச் செய்ததுபோல் படம் கீறித் தர முடியுமா என்று அந்தப் பாடசாலை அதிபர் கேட்டிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். அந்த மண்டபத்துக்கு எத்தனை கதவுகள், அவை எந்தப் பக்கம் திறக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.