தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், ஒற்றை அறையில் இருக்கிறாள் நேசமலர். வயது ஐம்பத்தாறு. ரயில் போகும்போது அந்த அறையின் யன்னல் கண்ணாடி நடுங்கும். அந்தச் சத்தத்தைத் தவிர உள்ளே வந்து போக யாரும் இல்லை. தாய் கண்ணை மூடி எட்டு வருடம். அண்ணன் ரொறொன்ரோவில். தீபாவளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும், "சுகமா இருக்கிறியோ?" என்று கேட்பார், பதில் முடிவதற்குள் வைத்துவிடுவார்.

பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகு ஆட்களின் முகங்களை வரைந்து கொடுக்கிறாள். வருகிறவர்களில் பாதிப்பேர் செத்தவர்களின் படத்தைக் கொண்டுதான் வருவார்கள்.

ஒருமுறை ஒரு வீட்டாருக்கு அவர்களுடைய மகளை மணக்கோலத்தில் வரைந்து கொடுத்தாள். அடுத்த வருடம் பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது பார்க்கிறாள், அதே முகம் சுவரில் கலண்டராகத் தொங்குகிறது! கீழே புடவைக்கடையின் பெயர். அவள் கையெழுத்து இருந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கு அவள் பல்லைக் காட்டாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு தாள் எழுதினாள். படம் தனிப்பட்ட பாவனைக்கு மட்டும். வீட்டில் மாட்டலாம், நினைவு மலரில் போடலாம், பத்திரிகையில் அஞ்சலி போடலாம். விற்கிற பொருள் எதிலும் போடுவதென்றால் தனியாக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். எங்கே அச்சிட்டாலும் கீழே வரைந்தவரின் பெயர் இருக்க வேண்டும். கையெழுத்து வைக்காதவருக்கு அவள் பென்சில் பிடிப்பதில்லை.

ஒழுங்கை முனையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் புவாத்துக்கு அந்தத் தாள் என்றால் சிரிப்பு.

"மிஸ், எங்கட கலியாணப் பதிவுக்கும் இவ்வளவு கண்டிசன் இல்ல. இத வாசிச்சா செத்துக் கிடக்கிற மையத்தே எழும்பி ஓடிரும்."

"நீர் இருபது கொப்பி அடியும். கதை பிறகு."

"அடிக்கிறன், அடிக்கிறன். கொஞ்சம் சிரிச்சா என்ன, அதுக்கும் அனுமதி வாங்கணுமா?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய தேவை வந்து நெடுநாளாகியிருந்தது.

போன மாசியில் ஹரிசன் வந்தான். நாற்பது வயது, கொட்டாஞ்சேனையில் மிளகாய்த்தூள் அரைத்துப் பைக்கற்றில் அடைத்து விற்கிறான். தாய் செத்துப் பத்து நாள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குப் படம் வேண்டும். கையில் இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்று மட்டும். அதில் அந்த அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ அதட்டியது போல் இருந்தார்.

"அம்மா சிரிச்சுக்கொண்டிருக்கோணும் அன்ரி. எந்த நேரமும் சிரிச்ச முகம்."

"எப்பிடிச் சிரிப்பா தம்பி?"

அவன் சொல்லப் பார்த்தான். கைகளால் காட்டப் பார்த்தான். கடைசியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டான்.

கண்களும் நெற்றியும் இரண்டு நாளில் வந்துவிட்டன. வாய்தான் வரவில்லை. ஆறு தாள் கிழித்தாள். ஏழாவது தாளோடு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, யாரும் பார்க்காத அந்த இடத்தில், மெல்லச் சிரித்துப் பார்த்தாள். தன் முகத்தில் அப்படி ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறதே என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அதை அப்படியே வரைந்தாள்.

படத்தைப் பார்த்த ஹரிசன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இதுதான் அன்ரி! இந்தச் சிரிப்புத்தான்! உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் கண்ணீரைப் பார்த்த பிறகு சொல்ல எப்படி மனம் வரும்?

அதன் பின்னர் அவன் ஞாயிறுகளில் வரத் தொடங்கினான். முதலில் படத்துக்குச் சட்டம் போடுவது பற்றிக் கேட்க. பிறகு காரணம் எதுவும் இல்லாமலே, கையில் மீன் ரோல்ஸ் பார்சலோடு. தாயைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருப்பான். நேசமலர் வெள்ளிக்கிழமையே தேயிலையும் பாலும் வாங்கி வைத்துவிடுவாள். அவன் பகிடி விட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். உடனே கையால் வாயை மூடிக்கொள்வாள்.

"என்ன அன்ரி, பல்லுக் கொதியோ?"

"வயசு போன ஆளடா. பல்லைக் காட்டச் சொல்லுறியோ?"

அந்தக் கையை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அது அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

எட்டாவது ஞாயிறு அவன் ஒரு கோப்போடு வந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"அன்ரி, எங்கட தூளுக்குப் புதுப் பைக்கற். முன்னுக்கு அம்மாவின்ர படம். கீழ, 'அம்மாவின் சிரிப்பு' எண்டு பேர். சுப்பர் மார்க்கெட் எல்லாத்துக்கும் போகுது. உங்கட கண்டிசன்படி முறையா அனுமதி கேட்டு வந்திருக்கிறன் பாத்தீங்களோ?"

"ஓம் தம்பி. பாத்தனான்."

"அப்ப ஒரு சைன் மட்டும் வையுங்கோ."

பைக்கற் செய்யும் விளம்பரக்காரர்கள் தட்டெழுதிக் கொடுத்த அனுமதிப் பத்திரம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். வர்த்தகப் பாவனைக்கு முழு உரிமை. சம்மதம். ஐந்து வருடம். சம்மதம். ஓவியரின் பெயர் பைக்கற்றின் பின்பக்கம். அதற்கும் சம்மதம். நான்காவது வரியில் பேனை நின்றது. 'இப்படம் தரப்பட்ட புகைப்படத்தை மட்டுமே பார்த்து வரையப்பட்டது. வேறு எவருடைய சாயலும் இதில் இல்லை என ஓவியர் உறுதி கூறுகிறார்.'

கையெழுத்து வைத்தால் போதும். ஞாயிறுகள் தொடரும். மீன் ரோல்ஸ் வரும். இலங்கை முழுக்க ஒவ்வொரு சமையலறையிலும் அவளுடைய சிரிப்பு இருக்கும். அது அவளுடையது என்று ஒருவருக்கும் தெரியவராது. ஆனால் ஊராரிடம் தாளை நீட்டி, 'வாசித்துவிட்டு வையுங்கள்' என்று சொல்லிச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவள் அல்லவா அவள்? பொய்க்குக் கீழே தன் பெயரை எப்படி எழுதுவாள்? அதுவும் பெற்றவளைப் பறிகொடுத்த பிள்ளையிடம்?

நான்காவது வரியை நீளமாகக் கோடு போட்டு வெட்டினாள்.

"என்னத்துக்கு அன்ரி அதை வெட்டினீங்கள்? பிழையே?"

வாயை மறைத்துப் பழகிய கையை மடியில் வைத்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

ரயில் ஒன்று போனது. கண்ணாடி நடுங்கி அடங்கியது.

ஹரிசனின் முகத்தில் இருந்த வெளிச்சம் மெதுவாக இறங்கிப்போனது. அவன் அவள் வாயையே பார்த்தான். பிறகு கோப்பில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தான்.

"அப்ப... அம்மா எப்பிடிச் சிரிச்சவ எண்டு எனக்கே மறந்துபோச்சுதா?" என்றான். அவளிடம் கேட்டது போலவும் இல்லை, தன்னிடம் கேட்டது போலவும் இல்லை.

"தம்பி, நான்..."

"பரவாயில்லை."

தேத்தண்ணி ஆடை படர்ந்து கிடந்தது. அவன் பத்திரத்தைக் கோப்புக்குள் வைத்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். மூன்று மாடிப் படிகளிலும் அவனுடைய செருப்புச் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு பால் திரைந்தது. அதற்கடுத்த ஞாயிறும். பிறகு அவள் பால் வாங்குவதை விட்டுவிட்டாள். சித்திரை கழிந்து கடைகளுக்குப் புதுப் பைக்கற் வந்தபோது, தட்டின் முன்னால் நின்று கையில் எடுத்துப் பார்த்தாள். முன்பக்கத்தில் மூன்று சிவப்பு மிளகாய் மட்டும். முகம் இல்லை. வாங்காமல் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு முறை தொலைபேசியை எடுத்து அவனுடைய இலக்கம் வரைக்கும் போய், திரும்ப வைத்தாள். என்ன சொல்வது? உன் தாயைத் திருப்பித் தருகிறேன் என்றா?

இந்த மாசியில் ஒரு காலை, கொப்பி எடுக்கப் போனவளைப் புவாத் கூப்பிட்டான்.

"மிஸ், இங்க வாங்க. பேப்பர்ல உங்கட பேர் வந்தீக்கி."

"என்ன விசர்க்கதை? எனக்கென்ன செத்த வீடே?"

"அல்லாவே, அந்தப் பக்கந்தான். பாருங்களன்."

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். நடுவில் அந்த அம்மா. அடையாள அட்டைப் படம் அல்ல. அவள் வரைந்த படம், அதே சிரிப்போடு. அதற்குக் கீழே, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்ன எழுத்தில்: 'ஓவியம்: நேசமலர்.' அஞ்சலி விளம்பரத்தில் வரைந்தவரின் பெயரை யார் போடுவார்கள்? தாளில் இருந்தபடியே போட்டிருந்தான் அவன்.

புவாத் அவள் முகத்தையும் பத்திரிகையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்தப் பக்கத்தை நான் கொண்டு போகவோ?"

"முழுப் பேப்பரையும் கொண்டு போங்க மிஸ்."

"வேண்டாம். இது போதும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. நேசமலர் பால் வாங்கிக்கொண்டு போனாள். தேத்தண்ணி வைத்து, ஆறும்வரை படியின் பக்கம் காது கொடுத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. பிறகு எழுந்து குளியலறைக்குப் போய், பத்திரிகைப் பக்கத்தைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகினாள். கண்ணாடியில் இப்போது இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.