வெயிலுக்குக் கறுக்கும் கண்ணாடி

பிள்ளைகள் புதுப் போன் வாங்கினால் அதை முற்றத்துக்குக் கொண்டுபோய் எனக்குக் காட்டுவார்கள். வெயிலில் இறங்கியதும் திரை தன்பாட்டில் பளிச்சென்று ஆகும், வீட்டுக்குள் வந்ததும் மங்கிக்கொள்ளும். கண்ணுக்கு நோகாதாம். அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். நல்லம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். போன் என்ன செய்யும் பாவம், என் கோபம் அதன்மேல் அல்ல.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, பெரிய சந்தை எல்லாம் கிழக்கே எழுவான்கரையில். காலையில் பாலத்தைக் கடந்து கிழக்கே போகும்போதும் வெயில் முகத்தில் அடிக்கும், பின்னேரம் மேற்கே திரும்பும்போதும் முகத்திலேதான் அடிக்கும். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் குடையில்லாமல் வெளிக்கிடமாட்டார்கள். ஆனால் சண்டைக் காலத்தில் பாலத்தின் அந்தத் தலைப்பில் அரச படையினரின் சோதனைச்சாவடி இருந்தது. இந்தத் தலைப்பில் நின்ற மருதமரத்தடியில் எல்லோரும் தங்களைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும். குடையை மடக்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். பிறகு மெதுவாக நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் கத்துவார்கள். ஏன் மெதுவாக என்று யாரும் கேட்டதில்லை. கேட்டு யார் பதில் சொல்லப்போகிறார்கள்.

சுனாமியில் எங்கள் கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வருடம் கடலோரத்துக்கு வந்த வெளிநாட்டு வைத்தியர்கள், பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்படாதவர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கண் பார்த்தார்கள். அம்மாவுக்கு ஒரு கண் இளவயதிலேயே போய்விட்டது. மற்றதில் வெண்புரை மூடியிருந்தது. அதை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்ததும் அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு, நீ இவ்வளவு நரைத்துப்போனாயா என்பதுதான்.

வைத்தியர் அம்மாவுக்கு ஒரு கண்ணாடி தந்தார். வெயிலில் தானாகக் கறுக்கும், நிழலில் தானாக வெளுக்கும். இருக்கிறது இந்த ஒரு கண்தான், புண் ஆறும்வரை வெயிலும் தூசியும் படக்கூடாது, வெளியில் இறங்கினால் கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்களுடைய வாகனமே அம்மாவை வீட்டில் கொண்டுவந்து விட்டது. வாகனத்தை யாரும் மறிக்கவில்லை.

அடுத்த கிழமை கிளினிக்குக்கு நடந்து போனோம். மருதமரத்தடியில் குடையை மடக்கினோம். கண்ணாடியை அம்மா கழற்றவில்லை. பாதிப் பாலத்தில் கத்தல் கேட்டது. மண்மூட்டைகளுக்கு மேலே துவக்கு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றினார், கண்ணை இறுக மூடினார், என் கையைப் பிடித்தபடி மிச்சத் தூரத்தை நடந்தார். இரண்டு பக்கமும் வாவித் தண்ணீர் தகதகத்தது. மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது.

சாவடிக்குள் கண்ணாடியை மேசையில் வைக்கச் சொன்னார்கள். எங்கள் பையைக் கிண்டி முடிப்பதற்குள் அது வெளுத்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி எங்கே என்று கேட்டார்கள். இதுதான் என்றேன். ஏமாற்றுகிறோமாம், மாற்றி ஒளித்துவிட்டோமாம். ஒரு பெண் சிப்பாய் அம்மாவின் கொண்டையை அவிழ்த்துத் தேடினாள். கொண்டைக்குள் கண்ணாடி ஒளிக்க அம்மாவுக்கு என்ன விசரா. நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், வெயிலில் பிடித்துப் பாருங்கள் என்று. பிடித்தார்கள், கறுத்தது. உள்ளே கொண்டுவந்தார்கள், வெளுத்தது. அதன்பிறகு ஆளுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா தலைவிரிகோலமாக, கண்ணைப் பொத்திக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தார்.

சத்தம் கேட்டு அவர்களுடைய அதிகாரி வந்தார். தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். விஷயம் விளங்கியதும் அவருக்கும் சிரிப்பு. காவல் நின்றவனின் துவக்கை வாங்கி, அதன்மேல் பூட்டியிருந்த சின்னக் குழாயைக் காட்டினார். குறி பார்க்கும் கருவியாம். உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி எரியுமாம். வெளிச்சம் கூடினால் புள்ளியும் தானாகக் கூடும், இருண்டால் தானாகக் குறையும், பார்க்கிறவனுக்குக் கண் களைக்காது என்றார்.

"அம்மாட கண்ணாடி, எங்கட இது, ரெண்டும் ஒண்ணுதான்."

அதில் ஒரு குறை இருப்பதையும் அவரே சொன்னார். காவல்காரன் நிழலுக்குள் இருக்கிறான், நாங்கள் வெயிலில் வருகிறோம். கருவி அவன் இருக்கிற நிழலைத்தான் அளக்கும், புள்ளியை மங்கவைத்துவிடும். வெயிலில் நிற்கிற ஆள்மேல் புள்ளி தெரியாது. கையால் திருகிக் கூட்டக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதனால்தான் மெதுவாக நடக்கச் சொல்வது.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வஞ்சகமும் இல்லை. விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோலச் சொன்னார். அதுதான் இன்றைக்கும் என்னை எரிக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியும், தடியூன்றிய கிழவரும், பாம்பு கடித்தவனைத் தோளில் சுமந்துவந்தவர்களும் அந்தப் பாலத்தில் மெதுவாக நடந்திருக்கிறார்கள். எதற்காக? தங்கள் நெஞ்சில் அந்தப் புள்ளி சரியாக விழுவதற்காக. அவர்களுடைய கருவி பிசகினால் அதற்கும் நாங்கள்தான் பொறுத்துப்போக வேண்டுமாம். என்ன அநியாயம் இது.

விளங்கிவிட்டதுதானே, இனி அம்மா கண்ணாடியோடு வரலாமா என்று கேட்டேன். முடியாது, முகம் தெரிய வேண்டும், மேலிடத்து உத்தரவு என்றார். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"மனே, துவக்குப் பிடிக்கிறவன்ட கண்ணுக்கு நோகாமப் பாக்கிறீங்க. என்ட கண்ணையும் ஒருக்காப் பாரன்."

அவர் பார்க்கவில்லை. கண்ணாடியை என் கையில் தந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் அம்மா மருதமரத்தடியில் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடி, என் கையைப் பிடித்து நடந்தார். நான் ஒவ்வொரு முறையும் பயந்து செத்தேன். கண் தப்பியது. அந்தச் சாவடிக்காரர் யாருடைய தயவாலும் தப்பவில்லை.

சண்டை முடிந்து, கொஞ்சக் காலத்தில் சாவடியும் போனது. மண்மூட்டைகளை ஏற்றிப்போய்விட்டார்கள். மருதமரம் மட்டும் நின்றது. ஒருநாள் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மரத்தடிக்கு வந்ததும் அம்மா குடையை மடக்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் பொத்தினார். கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கையை என்னிடம் நீட்டினார். அங்கே இப்போது ஒருவரும் இல்லை அம்மா என்றேன்.

"தெரியும் புள்ள. கை தன்ட பாட்டில போகுது."

கண்ணாடியைப் பறித்து நானே அவருக்குப் போட்டுவிட்டேன். குடையை விரித்துப் பிடித்தேன். வேகமாக வாங்க, இனி யாரும் கத்தமாட்டார்கள் என்று இழுத்தேன். அம்மா அந்தப் பாலம் முடியும்வரை மெதுவாகத்தான் நடந்தார்.