அத்தையின் இடுப்பில் ஒரு பொருக்கு

நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்று சொன்னது என் அத்தை, அப்பாவின் தங்கை. இப்போதே வேண்டும் என்று அடம்பிடித்தது நான். எனக்கு எட்டு வயது. வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆளெடுத்த காலம். சேத்தூர்ப் பட்டாளத்து மாப்பிள்ளை ஒருவரைப் பேசி அத்தைக்குப் பரிசம் போட்டாயிற்று. அவர் லீவில் வந்ததும் கல்யாணம். பரிசம் போட்ட பெண் காட்டுப் பக்கம் போகக் கூடாது. தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் அத்தை என்னைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனாள்.

மழை விட்ட கார்த்திகை. மலையடிவாரமெங்கும் இடுப்பளவு புல், ஈரம், பச்சை, பச்சைக்குள் இன்னொரு பச்சை. நான் ஒரு பாறையில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டேன்.

"செத்தத் தள்ளி உக்காருட்டி."

"மாட்டேன். எனக்குக் கால் வலிக்கு."

"மகாராணிதான்" என்று சிரித்துவிட்டு, புல்லில் உட்கார்ந்து மடியிலிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

பத்து நாளில் காய்ச்சல். தலை பிளக்கிறதென்று சுவரில் முட்டினாள். மறுநாள், சேலை செருகும் இடத்தில் ஒரு பொருக்கைக் காட்டினாள். பீடி நெருப்பால் தொட்டாற்போலக் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு.

"வலிக்கவே இல்ல, பாரேன். யார்ட்டயும் சொல்லிராதட்டி, காட்டுக்குப் போனது தெரிஞ்சிரும். உங்கப்பா தோல உரிச்சிருவாக."

"எனக்கு என்ன தருவ?"

"மாப்பிள்ளை பக்கத்துல ஒன்னத்தான் உக்கார வைப்பேன், போதுமா?"

போதும் என்றேன்.

ராஜபாளையத்திலிருந்து வில்வண்டியில் டாக்டர் வந்தார். நாக்கைப் பார்த்தார், வயிற்றைச் சேலைக்கு மேலாகவே அமுக்கினார். உடம்பில் புண், கடி ஏதும் உண்டா என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இல்லை என்றாள். முறைக்காய்ச்சலென்று கொயினா மாத்திரை கொடுத்துப் போனார்.

ஐந்தாம் நாள் மேலெல்லாம் சிவப்புத் தடிப்பு. "அம்மா வந்திருக்கா" என்று என் தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொயினா சாக்கடைக்குப் போயிற்று. வாசலில் வேப்பங்குலை ஏறிற்று. இனி டாக்டரைக் கூப்பிடுவது தெய்வக் குற்றம். எனக்குப் பெருமையான வேலை கிடைத்தது: வேப்பிலையால் அத்தையை வருடிக்கொடுப்பது. குலை இடுப்புக்கு வரும்போதெல்லாம் குனிந்து பார்ப்பேன். பொருக்கு அப்படியே இருந்தது. அத்தைதான் போய்க்கொண்டிருந்தாள். முதலில் என் பெயரை மறந்தாள், பிறகு பேச்சை, பிறகு மூச்சை. அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டியவளுக்கு ஒரே தண்ணீரோடு முடிந்தது. கல்யாணத்துக்கு எடுத்த சேலையை மேலே போர்த்தினார்கள்.

முப்பது வருஷம் கழித்து என் மகனுக்குத் தீராத காய்ச்சல். டாக்டர் அவன் அரைஞாண் கயிற்றை விலக்கினார். அதே பொருக்கு. புல்லில் கிடக்கும் உண்ணி, கண்ணுக்கே தெரியாது, அது கடித்து வருகிற காய்ச்சல் என்றார். மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் பையன் பசிக்கிறதென்றான். அத்தையின் கதையை அவரிடம் சொன்னேன்.

"நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதும்மா. இதுக்கு அப்ப மருந்தே கெடையாது."

நல்ல மனிதர். முப்பது வருஷத்துப் பாரத்தை ஒரே பேச்சில் இறக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

பாறையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. அதில் இரண்டு பேருக்கு இடமிருந்தது.