கடல் பசுவும் கிராணி மூக்கும்

முப்பதுகளின் நடுப்பகுதி அது. மலாயாவின் ஜொகூரில், மெர்சிங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். காலையில் கூலியாட்கள் வரிசை கட்டி நிற்கும் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவது, மத்தியானம் ரப்பர் பால் நிறுப்பது, சாயங்காலம் கணக்கு எழுதுவது எல்லாம் சம்பளத்துக்குச் செய்த வேலைகள். சம்பளமே வாங்காமல் செய்த வேலை ஒன்று உண்டு. அது புளுகுவது.

ஒருமுறை, "நாளையிலிருந்து துரையோட நாய்தான் பெரட்டுல ஆள் எண்ணப் போவுது, பழக்கி வச்சிருக்காரு" என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னேன். மறுநாள் விடியும் முன் நாய் வழக்கம்போல் துரைக்கு முன்னால் ஓடிவந்தது. அரை இருட்டில் இரண்டு பேர் அதற்குச் சலாம் வைத்தார்கள். யாரென்று தெரியவில்லை. ஒரு வாரம் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னைத் தேடி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலாய்க்காரப் பெரியவர் ஒருவரின் படகில் மீன் பிடிக்கப் போவேன். அவரை, மலாய்க்காரர்கள் மாமாவை அழைப்பதுபோல, பாக் சிக் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் தீவோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அடியில் பச்சைப் புல். அந்தப் புல்லை ஒரு பிராணி அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தது. எருமை உடம்பு, மீன் வால், பெரிய உதடு. பக்கத்தில் குட்டி வேறு.

"டுயோங்" என்று அதன் மலாய்ப் பெயரை பாக் சிக் காதோடு சொன்னார். எனக்கு அது பசுவாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, கடலுக்குள் பசு மேய்வதைப் பார்த்தேன் என்றேன். என் மனைவி அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்டாள்: "பால் கறந்துட்டு வந்தீங்களா, இல்ல சும்மாதான் வந்தீங்களா?"

நம்பியது ஒரே ஒரு ஆள். மூன்றாம் வகுப்பில் படித்த என் மகள்.

சனியன் அங்கேதான் பிடித்தது. அடுத்த வாரம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பசுவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். "பசு கொட்டகையில் இருக்கும். கடலிலும் இருக்கும். என் அப்பா பார்த்தார்" என்று எழுதியிருக்கிறாள். அது பொய் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார் வாத்தியார். மாட்டேன் என்றாள். பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டார். ஒப்புக்கொள்ளும் வரை தினமும் முதல் பாடம் முழுக்க நிற்க வேண்டும் என்று தண்டனை. நான்கு நாள் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வேகமாகப் போனேன். வாத்தியார் மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"வாத்தியாரே, அது நெசம். என் கண்ணால பார்த்தேன்."

"கிராணியாரே," என்றார், கோபமே இல்லாமல். "நாய்க்குச் சலாம் வச்ச ரெண்டு பேர்ல நானும் ஒருத்தன்."

எழுந்து வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

அன்றுதான் முடிவு செய்தேன். என் வாய்ச்சொல் செல்லாது. அந்தப் பசுவே வந்து சாட்சி சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டிக் கேமரா ஒன்று இருந்தது. அதைக் கடலுக்குள் கொண்டுபோக வேண்டும். மழைக்காலம் தொடங்கினால் படகு போகாது. மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டிக்குள் கேமராவை வைத்தேன். முன்பக்கம் கண்ணாடி வேண்டும். வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி எங்கள் கல்யாணப் படத்தின் மேல் இருந்தது. "கழட்டுங்க, கழட்டுங்க. பசுவோட குடும்பம் நடத்துங்க" என்று வாழ்த்தினாள் மனைவி. தண்ணீர் புகாமல் இருக்க என்ன செய்வது? ரப்பர் தோட்டத்துக்காரனுக்கு அதையா சொல்லித் தர வேண்டும்? துணியைச் சுற்றி, வாளிப் பாலை ஒரு பூச்சுப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, இப்படிப் பத்துப் பதினைந்து பூச்சு. சைக்கிள் டியூப் துண்டு வழியாக ஒரு கயிறு வெளியே வரும். அதை இழுத்தால் உள்ளே "டக்". ஒரு படம்.

ஒரே ஒரு படம்தான். அடுத்த படத்துக்குப் பிலிம் சுருளைத் திருக வேண்டும், திருகப் பெட்டியைத் திறக்க வேண்டும், திறக்க ரப்பரை அறுக்க வேண்டும். கடலுக்கு ஒரு தடவை போனால் ஒரு படம்.

முதல் ஞாயிறு. பசு வரும் இடத்துக்குப் போய், பெட்டியைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்தேன். உள்ளே ஈரம் புகுந்ததா என்று பார்க்கக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். கயிறு என் கால் கட்டைவிரலில் சுற்றியிருந்தது எனக்குத் தெரியாது.

டக்.

பாக் சிக் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. சுருளில் மீதி இருந்ததையெல்லாம் எங்கள் வீட்டுக் கோழிகளுக்குச் செலவழித்துவிட்டு மெர்சிங் போட்டோக் கடையில் கொடுத்தேன். கழுவிக் கொடுத்த கடை முதலாளி, சீனத் தவுக்கே, "இது என்ன, குகையா?" என்று கேட்டார். என் மூக்கு. கறுப்பாக, மங்கலாக, பெரிய மேடும் இரண்டு பள்ளமுமாகப் படம் முழுக்க நிறைந்திருந்தது.

வீட்டில் மகள் அதைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதானாப்பா கடல் பசு?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது பசுவின் மூஞ்சி மாதிரியே இருந்தது. "ஆமா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். மறுநாள் அவள் பெஞ்சிலிருந்து இறங்கிவிடலாம். வாத்தியார் மட்டும் கடல் பசுவைக் கண்டாரா? இத்தனை வருஷம் காரணமே இல்லாமல் புளுகிய வாய்க்கு, முதல் தடவையாக ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

ஆனால் அவள் இத்தனை நாள் நின்றது, அப்பா பொய் சொல்லவில்லை என்பதற்காக.

"இல்லம்மா. இது அப்பா மூக்கு."

"அப்ப நாளைக்கும் நிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படத்தைத் தன் சிலேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நின்றாளா என்று கேட்க எனக்கு முகமில்லை.

அடுத்த ஞாயிறு கடல் கொஞ்சம் புரளத் தொடங்கியிருந்தது. "இதோட சரி, கிராணி. இனி மழை முடிஞ்சுதான்" என்று பாக் சிக் மலாயில் சொன்னார். எனக்கு நீச்சல் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தெரியாது. கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். அவர் என் இடுப்பில் ஒரு கயிறு கட்டினார். பெட்டி மிதக்காமல் இருக்க அதில் இரண்டு கல். எல்லாமாகச் சேர்ந்து என்னைக் கீழே கொண்டுபோயின.

இரண்டு முறை இறங்கி, வெறும் புல்லைப் பார்த்துவிட்டு ஏறினேன். மூன்றாம் முறை இறங்கியபோது எதிரே மணல் புகை மாதிரி எழுந்தது. அதற்குள்ளிருந்து அவள் வந்தாள். தாயும் பின்னால் குட்டியும். புல்லை வேரோடு பிடுங்கிக்கொண்டே வந்தவள், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பெட்டியை நீட்டினேன். கயிற்றை இழுத்தேன்.

வரவில்லை!

ரப்பர் தோட்டத்துக் கிராணிதான் செய்யக்கூடிய தப்பு அது. பால் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று போன முறையைவிடத் தாராளமாகப் பூசியிருந்தேன். கயிறும் டியூபும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. மூச்சு முட்டுகிறது. மேலே போனால் அவள் போய்விடுவாள். பெட்டியை முழங்காலுக்கு நடுவே இடுக்கி, கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தேன். உள்ளே டக் என்று ஆனது முழங்காலில் தெரிந்தது. கூடவே வாய்க்குள் பாதிக் கடல் புகுந்தது.

இழுத்துப் படகில் போட்டு முதுகில் குத்தினார் பாக் சிக். "அலாமாக்! கிராணி, சுடா மாத்தி கா?" செத்துவிட்டாயா என்று விசாரித்தார். பதிலுக்கு அவர் மடியிலேயே கடலைக் கொப்பளித்தேன்.

படம் வந்தது. கலங்கல்தான், ஓரத்தில் என் முழங்கால் வேறு. ஆனால் புல் தெரிந்தது, புல்லில் பதித்த உதடு தெரிந்தது, இரண்டாகப் பிரிந்த வால் தெரிந்தது, குட்டியின் நிழல்கூடத் தெரிந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் பட்டத்து யானை மாதிரி நடந்தேன்.

வாத்தியார் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது மூக்கு இல்லையே, கிராணியாரே?"

"மூக்கா? அது எப்படி உங்களுக்கு..."

"போன வாரமே உங்க மக கொண்டாந்து காட்டுச்சே. 'இது பசு இல்ல சார், எங்கப்பா மூக்கு, அவரே சொன்னாரு'ன்னு. மூக்கை மூக்குன்னு சொன்ன மனுசன், பசுன்னா அது பசுவாத்தான் இருக்கும். அன்னைக்கே எறக்கி விட்டுட்டேனே!"

திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"ஏம்மா சொல்லல? அப்பா கடல்ல சாகத் தெரிஞ்சேனே!"

"சொன்னா நீங்க போயிருக்க மாட்டீங்களே," என்றாள். "எனக்குப் பசுவைப் பார்க்கணும்."

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். நாய்க்கு வைத்த சலாமுக்கு அன்று வட்டியோடு வசூல் செய்துவிட்டார். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது என்னவோ பெருமைதான். என் பிள்ளை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டு படங்களும் எங்கள் வீட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. "மாட்டுக்குப் போட்ட கண்ணாடி எனக்கு வேணாம்" என்று மனைவி சொல்லிவிட்டதால் கல்யாணக் கண்ணாடி பசுவின் மேல்தான் இருக்கிறது. வருகிறவர்கள் பசுவின் முன்னால் நின்று வாயைப் பிளக்கிறார்கள். நான் அவர்களைக் கையைப் பிடித்து மூக்கின் பக்கம் இழுத்துக்கொண்டு போவேன். மணிக்கணக்கில் அதைப் பற்றிப் பேசுவேன், அந்த ஒரு கதையில் மட்டும் இன்றுவரை நான் ஒரு சொல்கூடச் சேர்த்ததில்லை.