வேண்டா எழுதிய முகம்

செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில், 'பெண்களுக்கு மட்டும்' என்று பலகை மாட்டிய அழகு நிலையம் ஒன்று 1995லிருந்து இருந்தது. நடத்தியவள் பெயர் வேண்டா. நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வைக்கிற பெயர்தான். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. அடுத்தது பிறக்கவே இல்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தெருமுனையில் ஸ்டுடியோ வைத்திருந்தார் அவள் கணவர் ஜெகதீசன். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் இவள், போட்டோவும் வீடியோவும் அவர். இரண்டு பேரும் சேர்ந்து வேலை பிடித்தார்களே தவிர, ஒரு கல்யாணமாவது சண்டை இல்லாமல் முடிந்ததா என்றால் இல்லை. "இன்னும் கொஞ்சம் வெள்ளையா போடு. லைட்டு அடிச்சா கறுத்துப்பூடும்" என்பார் அவர். "அது இன்னா செவுரா?" என்பாள் இவள்.

அவள் அலங்கரித்த முகங்களைப் பெரிதாக்கி ஜெகதீசன் ஸ்டுடியோ கண்ணாடியில் மாட்டுவார். பஸ்ஸுக்கு நிற்கிற ஆண்கள் கூடி நின்று பார்ப்பார்கள். பொண்ணு சூப்பரா கீது என்பார்கள். அதற்கு மேலும் சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது. அந்தப் புருவத்தை எடுக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று அத்தனை வருஷத்தில் ஒருத்தனும் கேட்டதில்லை. வேண்டா அந்தக் கண்ணாடியைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போவாள்.

அந்த நாளில் டப்பாக்களில் வந்த பூச்செல்லாம் உரித்த பூண்டு நிறம். நம் பெண்களின் தோலுக்கு ஒன்றும் கிடையாது. வேண்டா மின்சார ரயிலேறிப் பாரிமுனைக்குப் போய், நாடகக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் மஞ்சளும் சிவப்பும் காவியும் தனித்தனிக் கட்டியாக வாங்கி வருவாள். கண்ணாடித் துண்டின்மேல் வைத்துக் கத்தி முனையால் குழைத்து ஒவ்வொருத்திக்கும் தனியாகக் கலப்பாள். ஒரு முகத்தில் ஒரே நிறம் இருப்பதில்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. நெற்றி ஒன்று, மூக்கோரம் ஒன்று, தாடை ஒன்று. இது தெரியாமல் பூசினால் அது முகமூடிதான். பூசி முடித்ததும் பெண்ணை மொட்டைமாடிக்கு இழுத்துப்போய் உச்சி வெயிலில் நிறுத்துவாள். வெயிலில் பூச்சு கண்ணுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

1998 தை மாதத்தில் செல்லம்மா தன் மகள் திவ்யாவைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே ஒரு கிராமம், நெல் போடுகிற குடும்பம். பெண்ணுக்கு இருபது வயது. இடது உதட்டோரத்தில் ஒரு வெண்புள்ளி, கண்ணோரத்தில் ஒன்று, காதுக்குப் பின்னால் கழுத்துவரை ஒன்று. பெரியாஸ்பத்திரியில் காட்டியாயிற்று. ஒட்டுகிற நோய் இல்லை, உயிருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"ஒட்டாதுன்னு டாக்டர் சொல்றாரு. டாக்டரா வந்து கட்டிக்கப் போறாரு?" என்றாள் செல்லம்மா. "வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வராங்க. நீதாம்மா பாத்து செய்யணும்."

வேறு யாராக இருந்தாலும் வேண்டா திருப்பி அனுப்பியிருப்பாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கை பரபரத்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்தப் பெண்ணின் வாழ்க்கையை அவள் அப்போது யோசிக்கவே இல்லை. முடியுமா முடியாதா என்பதைத்தான் யோசித்தாள். பிற்பாடு இதை நினைத்து அவள் நிறைய நாள் வெட்கப்பட்டாள்.

மூன்று மணி நேரம் பிடித்தது. வெள்ளையை அமுக்க முதலில் செங்காவிப் பூச்சு. அதன்மேல் அவள் தோலின் நிறம். அத்தோடு விட்டால் பூசியது தெரிந்துவிடும். அதனால் பல் துலக்கும் பிரஷ் ஒன்றின் நுனியால் அடர்ந்த நிறத்தைப் பொடிப் புள்ளிகளாக வைத்துத் தோலையே வரைந்தாள். தொட்டால் ஒட்டாமலும் தண்ணீரில் கரையாமலும் இருக்க மேலே மெழுகு வைத்தாள். கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. அதை வேண்டுமென்றே தொடாமல் விட்டாள். மச்சத்தையே மறைக்காதவள் வேறு எதை மறைக்கப்போகிறாள் என்று பார்க்கிறவனுக்குத் தோன்ற வேண்டும். வெயிலில் நிறுத்திக் கையில் கண்ணாடியைக் கொடுத்தபோது திவ்யா முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "இது நான்தானாக்கா?" என்று கேட்டாள். வேண்டாவுக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பெண் பார்க்க வந்தவன் அருணகிரி. மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போக இரண்டு வேன் வைத்திருந்தான். பெண்ணை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வேண்டாவையும் பார்த்தான், வேண்டா பெண்ணுக்குச் சித்தி முறை என்று சொல்லி உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். வந்திருந்த அவன் அத்தை வரலட்சுமி எழுந்து, "கண்ணு பட்டுடப் போவுது" என்று திவ்யாவின் இரண்டு கன்னத்தையும் கையால் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். முறித்த கையோடு விரல்களை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்துக்கொண்டாள். திருஷ்டி கழிப்பதும் ஆயிற்று, சாயம் இருக்கிறதா என்று பார்த்ததும் ஆயிற்று. அந்தப் பக்கத்துப் பெரியம்மாக்களுக்கு இது கைவந்த கலை. விரலில் ஒன்றுமில்லை. செல்லம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கல்யாணம் முடிவாயிற்று. நலங்கில் மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றுவது பெண் வீட்டோடு முடிந்தது, அங்கே எல்லாம் தெரிந்த சனம். மண்டபத்தில் இரண்டு நாளும் வேண்டா பெண்ணை விட்டு நகரவில்லை. கிளம்பும்போது தனியாகக் கூப்பிட்டு, "பக்குவமா நீயே சொல்லிடுடி. வேற யார் வாய்லயாவது தெரியக்கூடாது" என்றாள். "ஒரு மாசம் போவட்டுங்க்கா" என்றாள் திவ்யா.

மாசம் வருஷமாயிற்று. மகன் பிறந்தான். திவ்யா தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குளியலறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, வேண்டா சொல்லிக்கொடுத்த வரிசையில் பூசிக்கொண்டாள். படுக்கும்போதும் கழுவுவதில்லை. தோல் எரியும், தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்வாள். மாதம் ஒருமுறை அம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு செங்கல்பட்டுக்கு வந்து புதுசாகக் கலந்த டப்பாவை வாங்கிப்போவாள். புள்ளி பரவப் பரவ, ஓரத்தை மட்டும் துடைத்துப் பார்த்து, வேண்டா அதற்கேற்ப நிறத்தை மாற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும், "அவனுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். "துளிகூட இல்லக்கா" என்பாள் திவ்யா. இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். ஸ்டுடியோ கண்ணாடியில் மாட்டாத ஒரே மணமகள் திவ்யாதான், அவள்தான் தன் கையிலேயே உசத்தியான வேலை என்று வேண்டாவுக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. ஆம்பிளைக் கண்ணுக்கு அகப்படாத வேலை ஒன்றாவது செய்தோமே என்று நினைத்துக்கொள்வாள்.

2007 ஆனியில் திவ்யாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் மதியம் அருணகிரி கடைக்கு வந்தான். ஆண்கள் உள்ளே வரக்கூடாதென்பதால் படியிலேயே நின்றான். கையில் காலி டப்பா ஒன்று.

"யக்கா, இது தீந்துபோச்சு. ஒண்ணு கலந்து குடு."

வேண்டா அதைக் கையில் வாங்கவில்லை. "எந்த டப்பா, தம்பி?"

"அட, எனக்குத் தெரியுங்க்கா. ஆபரேசனுக்கு முன்னாடி நர்சம்மா மூஞ்சிய தொடச்சி வுட்டுட்டாங்க. நாலு மணிக்கு எங்க அத்தை வரும், வேன் சங்கத்து ஆளுங்க வருவாங்க. அப்டியே கெடந்தா நல்லா இருக்காதில்ல?"

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமாயி மூணாம் நாளு. நம்ம மாபலிபுரத்துல அலையில கால் நனைக்கக் கூட்டிகினு போனேன். பெரிய அலை வந்து தள்ளிட்ச்சி. முந்தானையால மூடிக்கினா பாவம். காதுக்குப் பின்னால வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சிது."

வேண்டாவுக்கு முதலில் தோன்றியது திவ்யாவைப் பற்றி இல்லை. காதுக்குப் பின்னாலும் மெழுகு வைக்கச் சொல்லிக்கொடுக்காமல் விட்டோமே என்பதுதான். அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அப்பவே ஏன் அவகிட்ட சொல்லல?"

அருணகிரி சிரித்தான். கெட்டவன் சிரிப்பு இல்லை, வீட்டுக் கதை பேசுகிறவன் சிரிப்பு. "சொன்னா போட்டுக்கறத வுட்டுடுவா இல்ல? எங்க கூட்டாளிங்க பொண்டாட்டிங்கள பாரு, ரெண்டு புள்ள பொறந்ததும் எண்ண வழிஞ்ச மூஞ்சியும் நைட்டியுமா கீறாங்க. நம்ம வூட்ல ஒம்போது வருசமா எந்நேரமும் கல்யாணப் பொண்ணு கணக்கா கீது. வேற ஒருத்தனா இருந்தா அப்பவே கொண்டாந்து வுட்டிருப்பான். நான் வுட்டனா?"

அவன் முகத்தில் தன் பெருந்தன்மையை நினைத்த திருப்தி நன்றாகவே தெரிந்தது. வேண்டா டப்பாவை வாங்கிக்கொண்டாள். "நானே எடுத்துகினு வரேன், போங்க" என்று அனுப்பிவிட்டாள்.

கலக்கும்போது, திவ்யாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். ஆனால் நாலு மணி விழிப்பும் எரிகிற தோலும் கண்முன் வந்தன. சொன்னால் அவளுக்கு விடுதலை, இனிமேலாவது விடிந்த பிறகு எழுந்திருப்பாள் என்று முடிவு பண்ணிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

திவ்யா ஜன்னலோரக் கட்டிலில் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த முகத்தை வேண்டா பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிலும் வாயைச் சுற்றிலும் வெளுத்திருந்தது. பார்க்கச் சகிக்காத முகமொன்றும் இல்லை. தூங்கி எழுந்த ஒரு பெண்ணின் முகம்.

"சீக்கிரம் போட்டு வுடுக்கா. மயக்கத்துல இருக்கசொல்ல அவரு பாத்திருப்பாரோன்னு பயமா கீது."

"பயப்படாத. அவனுக்குத் தெரியும்" என்றாள் வேண்டா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, படியில் நின்று அவன் சொன்னது அத்தனையும், கடற்கரையில் பார்த்தது, சொன்னால் விட்டுவிடுவாள் என்றது, எதையும் மறைக்காமல் சொன்னாள். "இனிமே நாலு மணிக்கு ஏந்திருக்க வேணாண்டி."

திவ்யா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அழவில்லை. மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன்கா எங்கிட்ட சொன்ன?"

வேண்டாவுக்குப் புரியவில்லை.

"அந்தாளு சவாரி போயிட்டு வந்து தெனம் கதை சொல்வான். வேன்ல வந்தவ மூஞ்சி இப்டி, எறங்கனவ இடுப்பு அப்டின்னு எங்கிட்டயே சொல்வான். நான் கேட்டுகினு உள்ளுக்குள்ள சிரிச்சிக்குவேன். ஊர்ல கீற பொம்பளைங்கள எல்லாம் பாக்கற, பக்கத்துல படுத்துகினு கீறவ மூஞ்சி உனுக்குத் தெரியலையேடான்னு. எத்தினி அடி, எத்தினி பேச்சு. அது ஒண்ண வெச்சிகினுதான்கா ஓட்னேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டியே."

நல்லது செய்கிறோம் என்றுதான் வேண்டா வந்தாள். திவ்யா மட்டுமா, அவளும்தானே ஒன்பது வருஷமாக அந்த ஆளை நினைத்துச் சிரித்தாள். அவன் அத்தனை நாளும் இரண்டு பேரின் உழைப்பையும் காலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறான். கலை, கையில் உசத்தியான வேலை என்று அவள் பீற்றிக்கொண்டதெல்லாம் அவனுக்கு வீட்டில் தினமும் கிடைத்த ஒரு வசதி, அவ்வளவுதான். காறித் துப்பவேண்டும் போலிருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்தது. திவ்யா பல்லைக் கடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தாள்.

"போடுக்கா."

"இனிமே எதுக்குடி?"

"போடலன்னா நீ சொல்லிட்டன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அவன்கூட எப்டி இருக்கறது?"

வேண்டா பூசினாள். செங்காவி, அதன்மேல் நிறம், அதன்மேல் புள்ளிகள். காதுக்குப் பின்னாலும் பூசி, மெழுகும் வைத்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அவசரத்திலும் வேலை சுத்தமாக வந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

அருணகிரி வரலட்சுமி அத்தையோடும் வேன் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடும் உள்ளே வந்தான். "பாத்தீங்களா, ஆபரேசன் பண்ண ஆளா இது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவில் அவன் வேண்டாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

திவ்யா அதைப் பார்த்தாள். பார்க்காதவள்போலத் தலையணையை முதுகுக்குச் சரியாக வைத்துக்கொண்டு, அத்தையை உட்காரச் சொன்னாள்.