மிகுதியை நேரில் காண்க

மனு எத்தனை பக்கமானாலும் சாரம் ஆறு வரிக்குள் அடங்க வேண்டும். கடைசி வரி, மனுதாரர் கேட்பது இன்னது என்று முடிய வேண்டும். தாலுகா ஆபீசில் நான் கற்ற முதல் விதி இது. நேற்று அடுத்த வீட்டுப் பெண் பாடப் புத்தகத்தோடு வந்து, "மூணுல ஒரு பங்காச் சுருக்கணும் தாத்தா, எதை விடுறது?" என்றாள். காலமெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு சுருக்கிய எனக்கே அது இன்னும் பிடிபடவில்லை.

புத்தகத்தின் மை வாசனை என்னைச் சின்னமனூர் டெண்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டது. யுத்த காலம். வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி காட்டில் தவிக்கும் இடத்தில் நிறுத்தி, 'மிகுதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பான். அரசாங்கத்தைவிட அவனுக்குச் சாரம் எழுதத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

கீழ்வயல்காரி பேச்சியம்மாள் மனுவோடு ஆபீசுக்கு வந்தது அப்போதுதான். மேல்வயல்காரர் வாய்க்காலைப் பாறை வைத்து அடைத்துவிட்டார், கேட்டால், கரையிலிருந்து தானாக உருண்டு விழுந்தது என்கிறார், நாற்று மஞ்சளடிக்கிறது. இவ்வளவும் கடைசிப் பக்கத்தில். அதற்கு முன்னால் அவர் கல்யாணம், மாமியார் குணம், இரண்டு மாடுகளின் வரலாறு. விதிப்படி சுருக்கிப் படித்துக் காட்டினேன்.

"இதைப் பாத்துட்டு என்ன செய்வாக தம்பி?"

"கிராம முன்சீப்பை விசாரிச்சு எழுதச் சொல்லுவாக."

"அவரு மேவயக்காரனுக்கு மச்சினன்ல! பாறை தன்னால நடந்து வந்துச்சுன்னு எழுதுவாரு." என் சட்டைப்பையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைக் காட்டினார். "அதுல பாதிக் கதையோட நிப்பாட்டுறான்ல? அதுனாலதான வண்டி கட்டிப் போறோம். எல்லாத்தையும் சொல்லிப்பிட்டா இவுக எதுக்கு வருவாக?"

கடைசி வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'தானாக விழுந்ததாகக் கூறப்படும் பாறை எவ்விதம் உட்கார்ந்திருக்கிறது என்பதை நேரில் காண்க.'

தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா இது, மனுவா, சினிமா நோட்டீசா?" மாற்றி எழுதலாமென்றால் காகிதத்துக்குப் பஞ்சம். வெளியே தபால் பைக்காக, பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடிய பஸ் இருமிக்கொண்டு நின்றது. வைதுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

சாரத்தைப் படித்த சப் கலெக்டர் வந்தேவிட்டார், முன்னறிவிப்பு இல்லாமல். நாங்கள் வரப்பில் பின்னால் ஓடினோம். தானாக உருண்ட பாறையின் நான்கு பக்கமும் வைக்கோல் திணித்துக் களிமண் பூசியிருந்தது.

"பூசிக்கிட்டேவா விழுந்துச்சு?" என்று முன்சீப்பைக் கேட்டார். முன்சீப் மேகமலைப் பக்கம் பார்த்தார்.

"ஏலே, இன்னும் என்ன வேடிக்கை? கடப்பாரையப் போடுங்கடா!" என்றார் பேச்சியம்மாள். சப் கலெக்டர் தடுக்கவில்லை. தண்ணீர் பாய்ந்துவிட்டது.

ஆனால் தடுக்காமலிருப்பது உத்தரவாகாது. அவர் கண்டதையெல்லாம் விரிவாக எழுத, மேல் ஆபீசில் யாரோ அதையும் சுருக்கி, முன்சீப்பின் அறிக்கை கேட்டு அனுப்பினார்கள்.

அந்தக் கொட்டகை போயிற்று, பாட்டுப் புத்தகமும் போயிற்று. அரைகுறைச் சாரத்தைப் படித்துவிட்டு வரப்பேறி வரும் அதிகாரியையும் அப்புறம் நான் பார்க்கவில்லை. புது நெல்லில் பேச்சியம்மாள் பொங்கல் வைத்து உண்டு முடித்த பிறகு, அடைப்பை அகற்றிக்கொள்ளலாம் என்ற அனுமதி முறைப்படி வந்து சேர்ந்தது. அன்றைக்குத் தேதி தை மூன்று.